நகோயாவில் ஒரு சாம்பல் நிற பஸ்

வெளிநாடு போகிறவளிடம் ஆளாளுக்கு ஏதாவது வாங்கிவரச் சொல்வார்கள். ஜோசப் அண்ணன் மட்டும் ஒன்றைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

ஜோசப் அண்ணன் எங்கள் கம்பெனி பஸ்ஸின் டிரைவர். சுங்குவார்சத்திரத்தில் என்னையும் என் அறைத்தோழி இசக்கியையும் ஏற்றிக்கொண்டு, ஸ்ரீபெரும்புதூரில் மற்றவர்களை ஏற்றிக்கொண்டு, ஒரகடத்தில் இறக்கிவிடுவார். அங்கே கார்களுக்கான பிளாஸ்டிக் பாகங்கள் செய்கிறோம். இசக்கி லைனில் நின்று பாகங்களைச் சோதிப்பவள். நான் டூல் ரூமில் இன்ஜினீயர். உருகிய பிளாஸ்டிக்கைச் செலுத்தும் இரும்பு அச்சுகள் என் பொறுப்பு. புது அச்சு ஒன்றை ஓட்டிப் பார்த்து ஒப்புதல் கொடுத்துவிட்டு வர என்னை ஜப்பானுக்கு ஒரு வாரம் அனுப்பினார்கள். நகோயாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். வாரத்தின் நடுவே ஒரு ஞாயிறு வந்தது. அந்த ஞாயிறுதான் நகோயாவில் பொம்மை ரசிகர்களின் வருடாந்திர மாநாடு.

அந்தச் செய்தி எனக்கு முன்பே ஜோசப் அண்ணனுக்குத் தெரிந்திருந்தது. ஸ்ரீபெரும்புதூர் பிரவுசிங் சென்டரில் வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து உலகத்துப் பொம்மைச் செய்திகளையெல்லாம் படித்துவிடுவார்.

பொம்மை என்றால் என்ன பொம்மை என்று சொல்லிவிடுகிறேன். தமிழில் டப் செய்து டிவியில் ஒரு கார்ட்டூன் ஓடியது. ஆறு வண்டிகள், ஒவ்வொன்றும் மடங்கி மனித உருவில் எழுந்து நிற்கும். ஆறும் சேர்ந்தால் ஒரே பெரிய ஆள். லாரியும் கிரேனும் கால்கள், தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் கைகள், டிராக்டர் தலை. நடு உடம்பு பஸ். ஜோசப் அண்ணன் தன் மகளோடு உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தார். மகள் வளர்ந்து டியூஷனுக்குப் போய்விட்டாள், அண்ணன் அங்கேயே இருந்துவிட்டார். நானும் பள்ளியில் படிக்கும்போது பார்த்ததுதான். வேலைக்கு வந்த பிறகு, அந்த வண்டிகள் மடங்கும் கீல்களுக்காகவே இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

பர்மா பஜாரிலும், வளைகுடாவிலிருந்து வந்த உறவினர் பெட்டிகளிலும் தேடித்தேடி அண்ணன் ஐந்து வண்டிகளைச் சேர்த்துவிட்டார். ஆறாவதான பஸ்ஸை, இவற்றைச் செய்யும் ஜப்பானியக் கம்பெனி பொம்மையாகச் செய்யவே இல்லை. உலகம் முழுக்க இப்படி ஐந்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கை இருக்கிறது, கால் இருக்கிறது, தலைகூட இருக்கிறது. மாட்டுவதற்கு உடம்புதான் இல்லை. ஒவ்வொரு வருட மாநாட்டிலும், புதுப் பொம்மைகளை மூடிய துணி விலகும்போது பஸ் இருக்கும் என்று நம்புவார்கள். துணி விலகும், வேறு ஏதாவது இருக்கும்.

இந்த வருடம் நம்பிக்கையோடு ஒரு கெடுவும் சேர்ந்துகொண்டது. அண்ணன் மனைவி ஸ்டெல்லா அக்கா தேவாலயத்தில் ஞாயிறு பள்ளி நடத்துகிறவர். வீட்டில் இருப்பது ஒரே ஒரு கண்ணாடி அலமாரி. அதில் ஐந்து வண்டிகள், நடுவில் பஸ்ஸுக்கான காலி இடம். கிறிஸ்துமஸ் குடிலை வருடாவருடம் தரையில் வைக்க வேண்டியிருக்கிறது. அக்கா தீர்த்துச் சொல்லிவிட்டார்: "இந்த வருசமும் பஸ் காட்டலன்னா, அஞ்சும் என் கிளாஸ் பசங்களுக்கு கிறிஸ்மஸ் பரிசு. அலமாரில குடில்." அண்ணன் பைபிளின்மேல் கை வைக்காத குறையாக ஒப்புக்கொண்டிருந்தார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் பஸ்ஸில் எனக்கு அறிவுரைகள் வழங்கப்பட்டன.

"இன்னாமா இன்ஜினீயரு, நல்லா கேட்டுக்க. மொதல்ல, விடிய சொல்லோ போயிடு. ரெண்டாவது, துணி எடுக்க சொல்லோ முன்னால நில்லு. மூணாவது, பஸ் கீதா இல்லியா, அத்த மட்டும் எனக்கு போன்ல சொல்லு. வேற கத வேணாம்."

பின் சீட்டிலிருந்து இசக்கி விட்டுவைக்கவில்லை. "ஏண்ணே, நெசமான பஸ்ஸயே கையில வச்சிக்கிட்டு பொம்ம பஸ்ஸுக்கு அழுதியளே! இந்த பஸ்ஸ மடக்கிப் பாருங்களேன், எந்திச்சு நிக்குதான்னு."

"இது நின்னா நீ கீழ வுழுந்துடுவ. ஒக்காரு."

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு; பின்னால் தேவைப்படும் என்பதால் இங்கேயே சொல்கிறேன். அச்சு வேலைக்காரர்கள் எந்த பிளாஸ்டிக் சாமானைக் கண்டாலும் முதலில் கவிழ்த்துப் பார்ப்போம். கல்யாண மண்டப நாற்காலி, டிபன் பாக்ஸ், சோப்பு டப்பா எதுவாக இருந்தாலும் சரி. மேல்பக்கம் விற்பதற்காகச் செய்தது. அடிப்பக்கத்தில்தான் அச்சின் கதை எழுதியிருக்கும். பிளாஸ்டிக் நுழைந்த இடம் ஒரு புள்ளியாக இருக்கும். ஆறிய பாகத்தை அச்சிலிருந்து தள்ளிவிடும் ஊசிகள் சின்னச்சின்ன வட்டங்களைப் பதித்திருக்கும். கையால் செய்த மாதிரியில் இந்தத் தடயங்கள் இருக்காது. வட்டம் இருந்தால் இரும்பு அச்சு வெட்டியாகிவிட்டது என்று பொருள். அத்தனை செலவில் அச்சு வெட்டிய பிறகு எந்தக் கம்பெனியும் சும்மா இருக்காது.

ஜோசப் அண்ணன் முதன்முறை தன் லாரியைக் காட்டியபோதும் நான் அதைக் கவிழ்த்துத்தான் பார்த்தேன். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் பிறை போல ஒரு மேடு இருந்தது. "அண்ணா, இந்த அச்சுல ஒரு இடத்துல அடிபட்டிருக்கு," என்றேன். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணுக்கு மாறுகண் என்று சொன்னதைப்போல அவர் முகம் போயிற்று. "குறை சொல்றதுக்குன்னே படிச்சிட்டு வர்றீங்கடி," என்று லாரியைப் பிடுங்கிக்கொண்டார்.

ஜப்பானில் முதல் நாள் சாப்பாட்டோடு போயிற்று. எனக்கு மீன் பிடிக்கும், ஆனால் குழம்பில் பார்த்துத்தான் பழக்கம். அங்கே அது வேகாமல், வெட்கமும் இல்லாமல், சோற்றின்மேல் படுத்திருந்தது. கடையில் முக்கோணமாகச் சோற்று உருண்டை விற்கிறார்கள். அதன் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்க ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டிருந்தது. இப்படி வரிசைப்படி வேலை சொல்லும் நாட்டை எனக்கு உடனே பிடித்துவிட்டது. பசியில் மூன்றை முதலில் இழுத்தேன். கடல்பாசித் தாள் கிழிந்து உறையோடு போயிற்று, வெறும் சோறு கையில் நின்றது. இசக்கி கட்டிக்கொடுத்த பருப்புப் பொடியை அதன்மேல் தூவிச் சாப்பிட்டேன். கொஞ்சம் குழைந்த பச்சரிசிச் சோறு, நன்றாகவே சேர்ந்தது.

மறுநாள் அச்சுப் பட்டறையில் ஹயாஷி என்பவர் எனக்குப் பொறுப்பு. ஐம்பதை நெருங்குகிறவர். மூன்று சொல்லில் முடிகிற விஷயத்தை இரண்டு சொல்லில் சொல்வார். எங்கள் ஆங்கிலம் இரண்டும் ஒரே அளவு நொண்டி என்பதால் நன்றாகவே புரிந்துகொண்டோம். மதியம் என்னைப் பக்கத்து உணவகத்துக்கு அழைத்துப் போனார். மேசையில் சோயா சாஸ் குப்பி அழகாக இருந்தது. பழக்க தோஷம், எடுத்துக் கவிழ்த்தேன். மூடி தளர்வாக இருந்திருக்கிறது. கறுப்பாக ஒரு குளம் மேசையில் பரவி, அவருடைய வெள்ளைச் சட்டைக் கையைத் தொட்டது. நான் செத்தேன் என்று நினைத்தேன். அவர் துடைத்துக்கொண்டே குப்பியின் அடியைக் குனிந்து பார்த்து, "நான்கு ஊசி," என்றார். நானும் நான்குதான் எண்ணியிருந்தேன். அதன்பிறகு எங்களுக்குள் நல்ல சிநேகம். பருப்புப் பொடியைக் கொஞ்சம் கொடுத்தேன். கண் கலங்கினாலும் காட்டிக்கொள்ளாமல் இன்னொரு கரண்டி கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் சொன்னபடி, விடியும்போதே கிளம்பினேன். நிலையத்துக்கு வந்த முதல் ரயிலில் ஏறினேன். அது வேக ரயில் என்று, நான் இறங்க வேண்டிய நிலையம் ஜன்னலில் கோடாக ஓடிப்போனபோதுதான் தெரிந்தது. எங்கள் கம்பெனி பஸ்ஸாக இருந்தால் பக்கத் தகட்டில் இரண்டு தட்டு தட்டியிருப்பேன். ஜோசப் அண்ணனும் திட்டிக்கொண்டே நிறுத்தியிருப்பார், அதுவும் சேறில்லாத இடமாகப் பார்த்து. இங்கே ரயில் நடைமேடையில் வரைந்த கோட்டில் வந்து நிற்குமே தவிர, நமக்காக நிற்காது. அடுத்த நிறுத்தத்தில் விழித்துக்கொண்டு நின்றவளை, காய்கறிப் பையோடு வந்த ஓர் அம்மாள் மணிக்கட்டைப் பிடித்து எதிர் நடைமேடைக்கு இழுத்துப்போய், மெதுவாகப் போகும் ரயிலில் ஏற்றிவிட்டார். ஏறிய பிறகும் ஜன்னல் வழியாக விரல்களைக் காட்டி, எத்தனையாவது நிலையம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

மாநாட்டு மண்டபத்தின் வாசலில் வரிசை வளைந்துவளைந்து போயிருந்தது. கல்லூரிப் பையன்கள், கைக்குழந்தையோடு தம்பதிகள், அலுவலக உடுப்பில் ஆட்கள். யாரும் இடிக்கவில்லை. வரிசையில் ஒருவர் கழிப்பறைக்குப் போனால் அவர் பையே அவருக்காக நின்றது. எங்கள் ஊரில் பை நின்றால் பைதான் போகும்.

எனக்கு முன்னால் நின்றவர் ரேய். பிலிப்பைன்ஸ்காரர், பக்கத்தில் ஒரு கார் சீட் தொழிற்சாலையில் வேலை. ஐந்து பேரோடு ஓர் அறையில் தங்கியிருக்கிறார், பொம்மைகள் அவர் கட்டிலின் அடியில் தங்கியிருக்கின்றன. நான் ஒரகடத்திலிருந்து வருகிறேன் என்றதும், "அங்கேயும் ஓவர் டைம் உண்டா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் சொந்தக்காரர் ஆகிவிட்டார்.

"நீ எதற்கு வந்தாய்?" என்றார்.

"பஸ்."

அவர் இரண்டு கைகளையும் வானத்துக்குத் தூக்கினார். "எல்லாரும் பஸ்! நான் ஏழாவது வருடமாக பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். நிஜ பஸ்ஸுக்கு இவ்வளவு நேரம் நின்றால் நடந்தே வீட்டுக்குப் போயிருப்பேன்."

உள்ளே, புதுப் பொம்மைகள் வைத்த கண்ணாடிப் பெட்டிகள் கறுப்புத் துணியால் மூடியிருந்தன. துணியைப் பார்த்தே உள்ளே இருப்பதை ஊகிப்பது அங்கே ஒரு கலை. எனக்குப் பின்னால் இரண்டு ஜப்பானியப் பையன்கள் கிசுகிசுத்ததை ரேய் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார்.

"மூன்றாவது பெட்டியைப் பார். மேல்பக்கம் தட்டையாக இருக்கிறது."

"போன வருடமும் தட்டையாகத்தான் இருந்தது. திறந்தால் கப்பல்."

"கப்பலுக்கு மூலை கூர்மையாக இருக்காது."

"போன வருடமும் நீ இதையேதான் சொன்னாய்."

மேடையில் ஒரு பெண் ஒன்று, இரண்டு என்று துணிகளை விலக்கினாள். முதல் பெட்டியில் ஒரு ஹெலிகாப்டர். இரண்டாவதில் ஏற்கெனவே வந்த கிரேன், புது வண்ணத்தில். கூட்டம் மரியாதைக்குக் கைதட்டியது. மூன்றாவது துணி விலகியது.

பஸ் இருந்தது.

அந்தக் கூட்டத்தில் யாரும் கத்தவில்லை. நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே சமயத்தில் மூச்சை உள்ளிழுத்த சத்தம் மட்டும் கேட்டது. கத்தியது நான்தான். "ஐயோ, பஸ்ஸு!" என்று தமிழில்.

அருகே போனதும் சந்தோஷம் பாதியாகக் குறைந்தது. பஸ் முழுக்கச் சாம்பல் நிறம். வண்ணம் இல்லை, ஜன்னல் இல்லை. கீழே ஒரு சின்ன அட்டை. ரேய் அதைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "பார்வைக்கு மட்டும். தயாரிப்பு முடிவாகவில்லை." சில வருடங்களுக்கு முன் இப்படித்தான் ஒரு சாம்பல் நிறப் புல்டோசரைக் காட்டினார்களாம். அது அந்தப் பெட்டியை விட்டு வெளியே வரவேயில்லை. படம் எடுக்கவும் கூடாது என்று கேமராவில் கோடு கிழித்த பலகை வைத்திருந்தார்கள்.

ஜோசப் அண்ணனிடம் என்ன சொல்வது? காட்டினார்கள் என்றா, காட்டிவிட்டு வைத்துக்கொண்டார்கள் என்றா? ஸ்டெல்லா அக்கா இதை எந்தக் கணக்கில் சேர்ப்பார்?

அப்போதுதான் பெட்டியின் தரையைக் கவனித்தேன். கண்ணாடி பதித்திருந்தார்கள், முகம் பார்க்கும் கண்ணாடி. பஸ்ஸைக் கவிழ்க்க வேண்டியதே இல்லை, அதன் அடிப்பக்கம் அங்கேயே தெரிந்தது. பாவாடை தாவணிக் காலத்துக்குப் பிறகு முதன்முறையாகப் பொது இடத்தில் முழங்காலிட்டுக் குனிந்தேன். வட்டங்கள் இருந்தன. வரிசையாக, அழகாக, ஊசி தள்ளிய வட்டங்கள். பிளாஸ்டிக் நுழைந்த புள்ளியும் இருந்தது. பின்சக்கரத்தின் ஓரத்தில் பிறை போல ஒரு சின்ன மேடுகூடத் தெரிந்தது. அந்நிய ஊரில் தெரிந்த முகத்தைப் பார்த்ததுபோல மனசு குளிர்ந்தது.

"ரேய், அச்சு வெட்டியாகிவிட்டது!"

அவருக்குப் புரியவைத்தேன். கையால் செய்த மாதிரியில் இந்த வட்டங்கள் வராது, இது இரும்பிலிருந்து வந்தது, இரும்பு வெட்டிய கம்பெனி பின்வாங்காது. ரேய் முழங்காலிட்டார், பார்த்தார், சிலுவை போட்டுக்கொண்டார். பின்னால் இருந்த இரண்டு பையன்களிடம் ஜப்பானிய மொழியில் சொன்னார். அவர்கள் முழங்காலிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெட்டியின் முன்னால், ஒருவர் எழுந்ததும் அடுத்தவர் முழங்காலிட, ஒரு வரிசையே உருவாகிவிட்டது. எதற்கு என்று தெரியாமலே வந்து முழங்காலிட்டவர்களும் இருந்தார்கள். மண்டபக் காவலாளி வந்து எட்டிப் பார்த்தார். விதிகளில் முழங்காலிடக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை போலும், தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

நிலையத்துப் பொதுத் தொலைபேசியில் கார்டு போட்டு ஊருக்குப் பேசினேன்.

"அண்ணா, நித்யா பேசறேன். பஸ் இருக்கு."

மறுமுனையில் ஒரு நாற்காலி இழுபட்டது.

"அண்ணா? கேக்குதா? இன்னும் வருதுன்னு அறிவிக்கல. ஆனா அடியில பாத்துட்டேன். அச்சு வெட்டிட்டாங்க. வந்துடும்."

"நீ பாத்தியா? ஒன் கண்ணால?"

"என் கண்ணால."

"ஸ்டெல்லா! ஏ ஸ்டெல்லா! வெட்டிட்டானாம்!" என்று அவர் கத்தியதும், "யார வெட்டிட்டானுங்க?" என்று அக்கா பதறியதும் கேட்டது. கார்டு தீர்ந்துவிட்டது.

திங்கட்கிழமை அச்சுப் பட்டறையில் இயந்திரம் சூடாகும் நேரத்தில் ஹயாஷியிடம் எல்லாவற்றையும் பெருமையாகச் சொன்னேன். பஸ்ஸைத் தாளில் வரைந்து, வட்டங்களைக் குறித்தும் காட்டினேன். அவர் உன்னிப்பாகக் கேட்டார். பிறகு உள்ளங்கையால் படத்தின் மேல்பாதியை மூடினார்.

"இது நம்புகிறேன்," என்றார், கீழ்ப்பாதியைக் காட்டி. கையை நகர்த்திக் கீழ்ப்பாதியை மூடினார். "இது?"

மேல்பாதியில் நான் ஒன்றும் பார்த்திருக்கவில்லை. கூரையும் பக்கங்களும் வழவழவென்று, தடயமே இல்லாமல் இருந்தன. அதை நல்ல வேலைப்பாடு என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

"அடிப்பக்கம் பழைய அச்சாக இருக்கலாம்," என்றார் ஹயாஷி.

பிறை!

பென்சிலை எடுத்துப் படத்தின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் அதையும் வரைந்தேன். அச்சில் பட்ட அடி, அந்த அச்சிலிருந்து வரும் ஒவ்வொரு பாகத்திலும் பதியும். இரண்டு அச்சுகளுக்கு ஒரே இடத்தில் ஒரே தழும்பு இருக்காது. தெரிந்த முகம் என்று நான் குளிர்ந்துபோனது ஜோசப் அண்ணன் லாரியின் முகம். லாரியின் அடித்தகட்டை அப்படியே எடுத்து, மேலே கையால் செய்த பஸ்ஸின் கூட்டை வைத்திருக்கிறார்கள். வேறு தொழில்காரியாக இருந்தால் அந்த வட்டங்களைப் பார்த்திருக்கவே மாட்டாள், ஏமாந்திருக்கவும் மாட்டாள்.

ரேய்க்கு அன்றே மின்னஞ்சல் அனுப்பினேன், மன்னிப்போடு. அவர் பதில் எழுதினார்: "பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்காவது முழங்காலிட வேண்டும். அன்று நான் கோவிலுக்குப் போகவில்லை."

ஜோசப் அண்ணனுக்குப் போன் செய்ய மனசு வரவில்லை. கார்டு வாங்கினேன், பையில் வைத்தேன். மீதி நாட்களில் எங்கள் அச்சு நன்றாக ஓடியது. ஹயாஷி விடைபெறும்போது ஒரு சோயா சாஸ் குப்பியைப் பரிசாகத் தந்தார், மூடியை நாடாவால் இறுக்கி ஒட்டி.

ஊர் திரும்பியதும் இசக்கியின் முதல் வாக்கியம்: "ஏட்டி நித்யா, ஒன்னால பஸ்ஸுல இருந்த அம்புட்டு பேருக்கும் டீயும் மிச்சரும் கெடச்சிச்சு. அண்ணன் வண்டிய ஓரங்கட்டி வாங்கிக் குடுத்தாவ." நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "சாப்பிட்ட மிச்சர திருப்பியா குடுக்க முடியும்? போ, போயி சொல்லிரு."

காலையில் பஸ் ஏறியதும் அண்ணன் திரும்பிச் சிரித்த சிரிப்பைப் பார்த்து, சொல்லாமல் உட்கார்ந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் இன்ஜின் மேட்டின்மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் சாலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் வண்டியை நிறுத்தினார். ஆட்கள் ஏறி முடிந்த பிறகு, "எங்கிட்ட சொன்னது போதும்," என்றார். "வூட்டுக்கு வந்து அவகிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா எதுனா கூட்டிக் கொறச்சிட்டேன்னு நெனப்பா."

ஞாயிறு மதியம் இசக்கியும் நானும் போனோம். ஸ்டெல்லா அக்கா கறிக்குழம்பும் இட்லியும் வைத்திருந்தார். சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் பஸ் பேச்சை எடுக்கவில்லை. கை கழுவியதும் அக்காவே கேட்டார்: "இன்னா நித்யா, அவரு சோறு எறங்காம ரெண்டு மூணு நாளா உம்முனு கீறாரு. சொல்லு."

அலமாரியிலிருந்து லாரியை எடுத்துக் கவிழ்த்தேன். பிறையைக் காட்டினேன். நகோயாவில் இதையேதான் பார்த்தேன் என்றேன். கீழே இருந்தது இது, மேலே இருந்தது கையால் செய்தது, வருமா வராதா என்று எனக்குத் தெரியாது, தெரிந்ததாகச் சொன்னது என் தப்பு. "கையால செஞ்சதக் காட்டினது கணக்குல வராது. போட்ட கெடுப்படி பாத்தா, அஞ்சும் உங்க பசங்களுக்குத்தான் அக்கா," என்று முடித்தேன்.

ஜோசப் அண்ணன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு லாரியை வாங்கினார். பிறையின்மேல் விரலை ஓட்டினார்.

"இதேதான் அங்க இருந்துச்சா?"

"இதேதான் அக்கா."

"ஜப்பான்ல, அத்தினி பேரு முட்டி போட்டு பாத்தது இத்தத்தானா?"

"ஆமா."

"அப்ப பஸ்ஸோட அடி, நம்ம வூட்ல கீது." லாரியைத் திருப்பித்திருப்பிப் பார்த்தார். "இவ்ளோ நாளா தூசு தொடச்சிக்கினு கீறேன், எனக்கே தெரியல பாரேன்."

"அடி மட்டும்தான் ஸ்டெல்லா," என்றார் அண்ணன், ஜன்னலைப் பார்த்தபடியே.

"அடி வந்தா மேல வராமலா பூடும்? வூடு கட்டறவன் அஸ்திவாரத்த போட்டுட்டு ஓடிட்டானா?"

"ஓடினவனுங்களும் கீறானுங்க."

"நீ கம்முனு இரு. ஒனக்காவத்தான பேசிக்கினு கீறேன்!" அக்கா என் பக்கம் திரும்பினார். "பாதி வந்துடுச்சி. மீதிக்கு ஒரு வருசம். ஆனா ஒண்ணு, குடில இந்த வாட்டி தரையில வெக்க மாட்டேன்."

"அலமாரில எடம் எங்க இருக்குக்கா?" என்றாள் இசக்கி.

அக்கா நடுவில் இருந்த காலி இடத்தை முழங்கையால் அளந்து பார்த்தார்.

கிறிஸ்துமஸ் அன்று நாங்கள் கேக் சாப்பிடப் போனபோது பங்குத்தந்தையும் வீடுகளைச் சந்தித்துக்கொண்டு வந்திருந்தார். அலமாரியின் நடுவில், பஸ் நிற்க வேண்டிய இடத்தில், வைக்கோலும் மாட்டுக் கொட்டகையுமாகக் குடில். ஒரு பக்கம் தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும், மறுபக்கம் கிரேனும் டிராக்டரும் காவலுக்கு நின்றன. லாரி மட்டும் இடையர்களுக்குப் பக்கத்தில் நான்கு சக்கரமும் மேலே தெரியக் கவிழ்ந்து கிடந்தது, பிறை வெளிச்சத்தில் படும்படி. தன் வாழ்நாளில் ஒரு வண்டியையும் கவிழ்க்காத ஜோசப் அண்ணன், டிரைவர் வீட்டில் வண்டியைக் கவிழ்த்து வைப்பது ஆகாது என்று இரண்டு முறை நிமிர்த்தினாராம். இரண்டு முறையும் அக்கா திரும்பக் கவிழ்த்துவிட்டார்.

பங்குத்தந்தை குடிலை ஆசீர்வதித்துவிட்டு, தயங்கித்தயங்கிக் கேட்டார். "எல்லாம் சரி ஜோசப், அந்த லாரி ஏன் கவுந்து கிடக்கு?"

அண்ணன் வாயைத் திறப்பதற்குள், கேக் தட்டோடு சமையலறையிலிருந்து வந்த ஸ்டெல்லா அக்கா சொன்னார்:

"அது லாரி இல்ல ஃபாதர், பஸ்ஸு. மீதி வந்துக்கினு கீது."